மீன் குடலில் வாழும் ராட்சத பாக்டீரியா: எபுலோபிஸ்கியத்தைத் தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாக்டீரியா என்றாலே கண்ணாடித் தகட்டில் எண்ணெய்ச் சொட்டு வைத்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற சமாச்சாரம் என்றுதான் கல்லூரி ஆய்வகத்தில் பழகியிருப்போம். எபுலோபிஸ்கியம் அந்தப் பழக்கத்துக்குள் அடங்காது. இதில் பெரியவை 600 மைக்ரான் நீளமும் 80 மைக்ரான் அகலமும் வரை போகும். அதாவது அரை மில்லிமீட்டருக்கும் மேல், ஒரு ரவைத் துகள் அளவு. நல்ல வெளிச்சத்தில் கறுப்புத் தட்டில் வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். இருப்பது பவளப்பாறைகளில் மேயும் சர்ஜன் மீன்களின் குடலில். வெளியே எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க இதுவரை யாராலும் முடியவில்லை.

நுண்ணுயிரியல், விலங்கியல் படிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மைக்ரோஸ்கோப்பே தொடாதவர்களும் படிகளை வரிசையாகப் படித்தால் விஷயம் பிடிபடும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் பற்றி எழுதுகிற பலரும் அளவைச் சொல்லி வாய்பிளந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அளவைவிட முக்கியம் நேரம். மீன் எப்போது மேய்கிறது, எப்போது தூங்குகிறது என்பதை விட்டுவிட்டு இந்த பாக்டீரியாவைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

படி 1: சரியான மீனைத் தேர்ந்தெடுங்கள்

சர்ஜன் மீன் குடும்பத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாவற்றிலும் இது இருக்காது. பாசி மேய்பவை, பாறையில் படிந்த கழிவுப்படலத்தைச் சுரண்டித் தின்பவை, இவற்றின் குடலில்தான் தேட வேண்டும். நீரில் மிதக்கும் சிறு உயிரிகளைத் தின்னும் சர்ஜன் மீன்களைத் திறந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டு மீன்களைப் பெயரோடு தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. ஒன்று அகாந்தூரஸ் நைக்ரோஃபஸ்கஸ், பழுப்பு நிறச் சின்ன சர்ஜன் மீன். 1985இல் லெவ் ஃபிஷெல்சன், லின் மான்ட்கோமரி, ஆர்தர் மிர்பெர்க் மூவரும் செங்கடலில் பிடித்த இந்த மீனின் குடலில்தான் முதன்முதலாக இந்த ராட்சதத்தைக் கண்டு சொன்னார்கள். 1988இல் வந்த எபுலோபிஸ்கியம் ஃபிஷெல்சோனி என்ற பெயரில் ஃபிஷெல்சனின் பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று நாசோ டோங்கானஸ், ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் லிசார்ட் தீவுப் பக்கம் கிடைப்பது. இதன் குடலில் இருக்கும் எபுலோபிஸ்கியம் 'பி வகை' (வகைகளைப் படி 4இல் பார்ப்போம்) கொஞ்சம் சின்னது, பெரும்பாலும் 200, 300 மைக்ரான். ஆனால் இன்று நமக்குத் தெரிந்த விவரங்களில் பெரும்பகுதி இந்த வகையை ஆராய்ந்ததில் கிடைத்ததுதான்.

ரீஃபில் நேரடியாகப் பிடிப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும். கிரேட் பேரியர் ரீஃபில் அதற்குத் தனி ஆணையமே இருக்கிறது. நம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். ஆனால் பசிபிக் தீவுகள் பலவற்றில் சர்ஜன் மீன் சாப்பாட்டு மீன். யாரோ சமைக்கப் பிடித்த மீனின் குடலைக் கேட்டு வாங்கிக்கொண்டால், ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு மீனைக் கொல்ல வேண்டியதில்லை. இந்த வழிதான் எனக்குப் பிடித்தது.

கையாளும்போது வாலடியைப் பாருங்கள். அகாந்தூரஸ் வகைகளில் வாலின் இரு பக்கமும் மடித்து வைத்த பேனாக்கத்தி மாதிரி ஒரு முள் இருக்கும். நாசோ வகைகளில் அது மடங்காது, நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள். இரண்டுமே கையைக் கிழிக்கும். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

அவசரத்தில் பலர் தாண்டிப் போய்விடும் படி இது.

சர்ஜன் மீன் பகலில் மேயும். காலையில் கிளம்பி நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருக்கும். இருட்டியதும் பாறை இடுக்கில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். எனவே குடலுக்குள் பகலெல்லாம் புதுப் பாசி வந்துகொண்டே இருக்கிறது, இரவில் வரத்து நின்றுபோகிறது. உள்ளே வாழும் பாக்டீரியாவும் இந்தத் தாளத்துக்கு ஏற்றபடியே நடக்கிறது. குடலில் அது கூடும் இடம் நேரத்துக்கு நேரம் மாறும். இது தன் உடம்புக்குள்ளேயே குட்டிச் செல்களை வளர்க்கும் (படி 8இல் பார்ப்போம்), அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் மாறும். ஒரு மீனில் உள்ள பி வகை செல்களை எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும், யாரோ விசில் ஊதித் தொடங்கி வைத்த மாதிரி.

ஆகவே மீன் பிடிபட்ட நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்தால் குழாயும் நோட்டும் ஒருநாள் பிரிந்துவிடும். முடிந்தால் காலை, நடுப்பகல், சாயங்காலம், இரவு என்று வெவ்வேறு நேரத்து மீன்களைச் சேகரியுங்கள். நேரம் தெரியாத மாதிரியில் 'பெரிய பாக்டீரியா இருக்கிறது' என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

படி 3: குடலைத் திறந்து மாதிரி எடுங்கள்

மீன் செத்த பிறகும் குடலில் செரிமான நொதிகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், போகப் போக உள்ளே இருப்பதையெல்லாம் அரித்துவிடும். அதனால் தாமதிக்காதீர்கள். வயிற்றைக் கீறி, குடல் முழுவதையும் வெளியே எடுத்து நேராக நீட்டுங்கள். பாசி தின்னும் மீன் என்பதால் குடல் நீளமாக, சுருள் சுருளாக இருக்கும். பொறுமை வேண்டும். அப்புறம் அதை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் சாறு எடுங்கள்.

எடுத்ததை மூன்றாகப் பங்கு பிரியுங்கள். ஒரு பங்கை உயிரோடு பார்க்க உடனே மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது பங்கை 80 சதவீத எத்தனாலில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள், டிஎன்ஏ வேலைக்கு இதுதான் உதவும். மூன்றாவது பங்கு எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் பார்க்கப் போகிறவர்களுக்கு, அதை குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்த வேண்டும். ஃபார்மலின் பாட்டில் பக்கத்தில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் ஊறப்போட்டுவிடாதீர்கள். உருவம் நிற்கும், டிஎன்ஏ கெட்டுப்போகும்.

படி 4: குறைந்த பெரிதாக்கத்தில் பாருங்கள்

40 மடங்கு, 100 மடங்கு போதும். எண்ணெய் லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம். மென்ற பாசித் துணுக்குகளுக்கு நடுவே சுருட்டு வடிவத்தில், இரு முனையும் மழுங்கலாக, வழவழவென்று நீந்திக்கொண்டிருப்பவைதான் நீங்கள் தேடுவது. உடம்பு முழுக்கக் கசையிழைகள் (சுழன்று நீந்த உதவும் மெல்லிய இழைகள்) இருப்பதால் நன்றாகவே நீந்தும். நீந்தித்தான் ஆக வேண்டும். குடல் என்பது ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு, சும்மா கிடந்தால் கழிவோடு கழிவாக வெளியே போக வேண்டியதுதான்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. 1989இல் கெண்டல் கிளெமென்ட்ஸ் குழுவினர் கிரேட் பேரியர் ரீஃபின் சர்ஜன் மீன்களை ஆராய்ந்து, அளவையும் வடிவத்தையும் குட்டி ஈனும் விதத்தையும் வைத்து ஏ முதல் ஜே வரை பத்து வகையாகப் பிரித்தார்கள். செங்கடலில் முதலில் கண்ட ராட்சதம் ஏ வகை. உங்கள் தகட்டில் முப்பது நாற்பது மைக்ரானில் சில மட்டும் தெரிந்தால் ஏமாற வேண்டாம், சின்ன வகைகளும் இதே குடும்பம்தான்.

படி 5: பாக்டீரியாதான் என்று உறுதி செய்யுங்கள்

முதல் பார்வையில் இதை யாரும் பாக்டீரியா என்று சொல்ல மாட்டார்கள். கண்டுபிடித்தவர்களே சொல்லவில்லை, பாரமீசியம் மாதிரியான ஓர் ஒருசெல் உயிரி, அதாவது புரோட்டிஸ்ட் என்றுதான் நினைத்தார்கள். அதில் தவறும் இல்லை, பாரமீசியத்தையே விஞ்சும் அளவில் இருப்பதை பாக்டீரியா என்று அன்றைக்கு எப்படிச் சொல்ல முடியும்?

முதல் சான்று 1991இல் வந்தது. கிளெமென்ட்ஸும் புல்லிவன்ட்டும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வெட்டுத் துண்டுகளைப் பார்த்தபோது உள்ளே உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. கசையிழைகளும் பாக்டீரியாவுக்கு உரிய மெல்லிய வகை. நீங்களும் இந்த மூன்றைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது சான்று 1993இல். எஸ்தர் ஆங்கெர்ட், கிளெமென்ட்ஸ், நார்மன் பேஸ் மூவரும் பாக்டீரியாக்களின் உறவுமுறையைக் கண்டறியப் பயன்படும், ரைபோசோமின் 16எஸ் ஆர்என்ஏ மரபணு வரிசையைப் படித்து, இது கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாக் கூட்டத்தின் உறவுக்காரப் பாக்டீரியா என்று காட்டினார்கள். இதில் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். குடல் சாற்றில் கோடிக்கணக்கில் வேறு சின்ன பாக்டீரியாக்களும் இருக்கும், படித்த வரிசை அவற்றுடையதாக இருந்துவிட்டால்? அதனால் அந்த வரிசையோடு மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத் துண்டு ஒன்றைச் செய்து செல்களில் விட்டுப் பார்த்தார்கள். ராட்சதம்தான் ஒளிர்ந்தது. நீங்கள் செய்தாலும் இந்த இரண்டாம் பாதியை விடாதீர்கள். வரிசை மட்டும் கையில் இருந்தால் அது யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

படி 6: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

பேப்பரும் பேனாவும் போதும். 600 மைக்ரான் நீளம், 80 மைக்ரான் அகலம் உள்ள சுருட்டு வடிவத்தின் கனஅளவு ஏறத்தாழ 20 லட்சம் கன மைக்ரான். நம் குடலில் இருக்கும் ஈ.கோலையின் கனஅளவு ஏறத்தாழ 1 கன மைக்ரான். எபுலோபிஸ்கியம் ஈ.கோலையைவிட மில்லியன் மடங்கு பெரிது என்று எழுதுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இனி மேற்பரப்பு. கனஅளவுக்கு எவ்வளவு மேற்பரப்பு என்று கணக்கிட்டால், ஈ.கோலையைவிட இதற்கு எண்பது தொண்ணூறு மடங்கு குறைவாக வரும். பாக்டீரியா சாப்பிடுவது, கழிவைத் தள்ளுவது எல்லாமே மேற்பரப்பு வழியாகத்தான் என்பதால் இது பெரிய சிக்கல். இன்னொரு சிக்கல் பரவல். பாக்டீரியாவுக்குள் மூலக்கூறுகள் பெரும்பாலும் தாமாகப் பரவித்தான் போய்ச் சேர வேண்டும். தூரம் கூடக்கூட அதற்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தில் கூடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு உள்ள தூரம் ஈ.கோலையில் அரை மைக்ரான், இதில் 40 மைக்ரான். 80 மடங்கு தூரம் என்றால் 6,400 மடங்கு நேரம்.

வேறு ராட்சதங்கள் இந்தச் சிக்கலை ஏமாற்றித் தப்பிக்கின்றன. நமீபியாக் கடலடியில் 1999இல் அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா நமீபியென்சிஸின் உள்ளே பெரும்பகுதி ஒரு நீர்ப்பை, உயிருள்ள பகுதி ஓரத்தில் மெல்லிய படலம் மட்டும்தான். 2022இல் குவாதலூப் சதுப்புநிலத்திலிருந்து வந்த தியோமார்கரிட்டா மேக்னிஃபிக்கா 2 செ.மீ. வரை வளரும், அதன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். எபுலோபிஸ்கியத்தில் அப்படி ஒரு பை கிடையாது, உள்ளே முழுக்க சைட்டோபிளாசம், அதாவது செல்லின் உயிருள்ள கூழ். என் கண்ணில் இந்தப் போட்டியில் உண்மையான ராட்சதம் இதுதான்.

அப்படியானால் எப்படிச் சமாளிக்கிறது? ஒரு பதில் செல்சவ்விலேயே இருக்கிறது. அது வழவழவென்று இல்லாமல் ஏகப்பட்ட மடிப்புகளோடு இருக்கிறது, அதனால் மேற்பரப்பு கூடுகிறது. இன்னொரு பதில் சாப்பாடு. பகலெல்லாம் பாசி வந்து கொட்டும் குடலில் வாழ்கிறவனுக்குப் பட்டினி பயம் குறைவு. மூன்றாவது பதிலுக்கு டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும்.

படி 7: டிஎன்ஏவுக்குச் சாயம் ஏற்றுங்கள்

டிஏபிஐ சாயம் போட்டுப் புறஊதா ஒளியில் பாருங்கள், டிஎன்ஏ நீலமாக ஒளிரும். நடுவில் ஓர் உருண்டை தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். செல்லின் ஓரம் முழுக்க, சவ்வுக்கு அடியிலேயே, வலை விரித்த மாதிரி டிஎன்ஏ படர்ந்திருக்கும்.

அவ்வளவும் ஒரே மரபணுத் தொகுப்பின் பிரதிகள். எத்தனை என்று எண்ணவும் வழி இருக்கிறது. ஒரு தொகுப்பில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு செல்லில் அவை எத்தனை இருக்கின்றன என்று பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் முறை) மூலம் அளந்தால் பிரதிகளின் எண்ணிக்கை வந்துவிடும். 2008இல் ஆங்கெர்ட் குழுவினர் பி வகையில் இப்படித்தான் அளந்தார்கள். விடை பல்லாயிரம். செல் பெரிதாக இருந்தால் பிரதிகளும் அதற்கேற்ப அதிகம். ஒரு மனித செல்லில் இருக்கும் மொத்த டிஎன்ஏவைவிடப் பல மடங்கு இந்த ஒற்றை பாக்டீரியாவில் இருக்கிறது.

பரவல் சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வு கிடைக்காது. தலைமையகம் ஒன்றை நடுவில் வைத்து ஓரம் வரை ஆள் அனுப்பினால் நேரம் ஆகும். இங்கே ஓரமெங்கும் பிரதிகள் இருப்பதால், எந்த இடத்தில் புரதம் தேவையோ அங்கேயே செய்துகொள்ளலாம். எபுலோபிஸ்கியத்தை ஒரு செல் என்பதைவிட, ஒரே தோலுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தும் ஆயிரமாயிரம் சின்ன பாக்டீரியாக்கள் என்று நினைத்துக்கொண்டால் பல விஷயம் எளிதாகப் புரியும்.

படி 8: குட்டிகளைத் தேடுங்கள்

சாயம் ஏற்றிய செல்லின் இரு முனைகளையும் பாருங்கள். முனையில் டிஎன்ஏ திரண்டு, சின்னதாக ஒரு மூடி மாதிரி பிரிந்திருந்தால் அது தொடக்க நிலைக் குட்டி. சாதாரண பாக்டீரியா நடுவில் பிளந்து இரண்டாகும். இது அப்படிச் செய்வதில்லை. இரு முனைகளிலும் சின்னச் செல்கள் பிரியும், தாய்ச்செல் அவற்றை விழுங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், அவை தாய்க்குள்ளேயே நீளமாக வளர்ந்து தாயை நிரப்பும், கடைசியில் தாயின் உறை கிழிந்து வெளியே நீந்திப் போகும். பி வகையில் வழக்கமாக இரண்டு குட்டிகள், சில வகைகளில் பன்னிரண்டு வரை. வெளியே வருவதற்கு முன்பே குட்டியின் முனைகளில் அடுத்த தலைமுறைக்கான வேலை தொடங்கியிருப்பதும் உண்டு. தாய் அதோடு சரி. அதன் பல்லாயிரம் பிரதிகளில் மிகச் சிறிய பங்குதான் குட்டிகளுக்குப் போகிறது, மீதி தாயோடு சேர்ந்து சிதைகிறது.

இந்த வினோத வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சொந்தக்காரர்களைப் பார்த்தால் போதும். கிளாஸ்ட்ரிடியம் கூட்டம் ஸ்போர், அதாவது கஷ்டகாலத்தைத் தாங்கி உறங்கும் விதை மாதிரியான செல், உண்டாக்குவதில் பேர் போனது. அங்கேயும் செல்லின் ஒரு முனையில் சின்னப் பகுதி பிரியும், தாய் அதை விழுங்கும், அப்புறம் அதைச் சுற்றிக் கனமான ஓடு வைத்து உறங்கவிடும். எபுலோபிஸ்கியம் அதே வழியில் பாதி தூரம் போய், ஓடு வைக்கும் வேலையை விட்டுவிட்டு, உயிருள்ள குட்டியாகவே வளர்த்துவிடுகிறது. பி வகையின் மரபணுக்களிலும் இது தெரிகிறது: ஸ்போர் உருவாவதில் முதல் கட்டத்துக்கான மரபணுக்கள் இருக்கின்றன, கடைசிக் கட்டத்துக்கானவை பல இல்லை.

இதற்கு மாறாக சி, ஜே போன்ற வகைகள் நிஜமான ஸ்போரையே உண்டாக்குகின்றன, அதுவும் இரவில். 2005இல் இது வெளியானது. மீன் தூங்குகிறது, சாப்பாடு வரவில்லை, இவையும் ஓட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. கழிவோடு வெளியே போனாலும் ஸ்போர் தாக்குப்பிடிக்கும், இன்னொரு மீன் விழுங்கினால் அங்கே போய்க் குடியேறலாம். குஞ்சு மீன்களுக்குப் பெரிய மீன்களின் கழிவு வழியாகத்தான் இந்த பாக்டீரியா வந்து சேர்கிறது என்று கருதப்படுகிறது. நடுப்பகலில் பிடித்த மீனை மட்டும் வைத்துக்கொண்டு 'இந்த வகையில் ஸ்போரே இல்லை' என்று யாராவது எழுதினால், அவர்கள் படி 2ஐத் தாண்டி வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: மீனுக்கு என்ன லாபம் என்று கேளுங்கள்

கூட்டுவாழ்வு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, கொடுக்கல் வாங்கலைக் காட்ட வேண்டும். வளர்க்க முடியாத உயிர் என்பதால் இங்கே மரபணுத் தொகுப்புதான் சாட்சி. 2017இல் செங்கடல் சர்ஜன் மீன்களில் நடந்த ஆய்வு, மீன் என்ன வகைப் பாசி தின்கிறதோ அதற்கேற்ப உள்ளிருக்கும் எபுலோபிஸ்கியங்களின் மரபணுக்களும் வேறுபடுகின்றன என்று காட்டியது. 2023இல் பி வகையின் தொகுப்பு பற்றிய ஆய்வு வந்தது. அந்த வகைக்கு எபுலோபிஸ்கியம் விவிபாரஸ் என்ற பெயரையும் அப்போதுதான் முன்மொழிந்தார்கள். அதன் தொகுப்பில் 5 சதவீதத்துக்கும் மேல் மாவுப்பொருள், பாசிச் சர்க்கரைச் சங்கிலிகள் போன்றவற்றை வெட்டும் நொதிகளுக்கான மரபணுக்கள். கடற்பாசியின் கடினமான சங்கிலிகளை மீனால் தனியாகச் செரிக்க முடியாது. பாக்டீரியா அவற்றை உடைத்துப் புளிக்கவைத்து அசிட்டேட்டாக மாற்றினால், அதை மீன் உறிஞ்சிக்கொள்ளும். நைட்ரஜனும் பி வைட்டமின்களும்கூடப் பாக்டீரியாவிடமிருந்து மீனுக்குப் போகலாம் என்பது தொகுப்பைப் பார்த்து எழுந்த ஊகம்.

அதே 2023 ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சோடியம். பெரும்பாலான பாக்டீரியாக்கள் சவ்வின் இரு பக்கமும் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றத்தாழ்வாக வைத்து அந்த அழுத்தத்தில் ஆற்றல் எடுக்கும். இது சோடியத்தை வைத்து அதைச் செய்கிறது. கடல் மீனின் குடலில் சோடியத்துக்கு என்ன பஞ்சம்? செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்வதும், கசையிழை சுழல்வதும் இரண்டுமே அந்தச் சோடியம் ஓட்டத்தில்தான் நடக்கின்றன என்று தொகுப்பும் செயல்படும் மரபணுக்களும் காட்டுகின்றன. மடிப்பு மடிப்பாக அவ்வளவு சவ்வு எதற்கு என்பதும் இங்கே விளங்குகிறது, இந்த வேலையெல்லாம் நடப்பது சவ்வில்தானே.

படி 10: மீன் கிடைக்காவிட்டால்

ரீஃபுக்குப் போக எல்லோராலும் முடியாது. அப்படிப்பட்டவர்கள் கினிப்பன்றியிடம் போகலாம். அதன் பெருங்குடல் பையில் மெட்டாபாக்டீரியம் பாலிஸ்போரா என்ற பாக்டீரியா வாழ்கிறது. எபுலோபிஸ்கியத்தின் நெருங்கிய உறவு. 15 முதல் 30 மைக்ரான் நீளம், ஆகவே ராட்சதம் இல்லை, ஆனாலும் சாதாரண பாக்டீரியாவைவிட நன்றாகவே பெரிது. ஒரே தாய்க்குள் பல ஸ்போர்களை உண்டாக்கும். ஒரு ஸ்போர் வழக்கத்துக்கும் பல குட்டி வழக்கத்துக்கும் நடுவே நிற்கிறது. கினிப்பன்றி தன் புழுக்கையைத் தானே தின்னும் பிராணி என்பதால், வெளியே போன ஸ்போர் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது.

விலங்கை அறுக்க வேண்டாம். புதுப் புழுக்கையைக் கொஞ்சம் உப்புநீரில் கரைத்து, பெரிய துணுக்குகள் அடியில் தங்கட்டும் என்று சிறிது நேரம் விட்டு, மேல்நீரில் ஒரு சொட்டு எடுத்து ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் (சாயம் ஏற்றாமலே செல்களைத் தெளிவாகக் காட்டும் வகை) 400 மடங்கில் பாருங்கள். ஸ்போர்கள் பளீரென்று மின்னும். ஒரே உறைக்குள் வரிசையாக இரண்டு, மூன்று, அதற்கு மேலும் மின்னினால் அதுதான். ஒரு கினிப்பன்றியில் கிடைக்காவிட்டால் வேறொன்றின் புழுக்கையையும் பாருங்கள். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.